பதினோரு வினாடிக் கதறல்

பேய்ப் படம் பார்க்கும்போது என் அத்தைக்குப் பயம் வராது. கோபம்தான் வரும். அதுவும் பேயின் மேல் இல்லை, பேய்க்கு உடை தைத்த ஆளின் மேல்.

"யாருடி இந்தப் பேய்க்கு அளவெடுத்தது? தோள்பட்டை ரெண்டும் முழங்கைக்கு இறங்கிக் கிடக்கு. செத்தவ வாய் திறந்து கேக்கமாட்டான்னு இப்படியா தைப்பாங்க?"

ஞாயிற்றுக்கிழமை மதியம் கடை கிடையாது. சாப்பிட்டுவிட்டு, நானும் அத்தையும் என் மடிக்கணினியை இரண்டு தலையணைகளின் மேல் சாய்த்துவைத்து எத்தனையோ படங்கள் பார்த்திருக்கிறோம். ஒரே ஒரு படத்தை மட்டும் அவள் வீட்டில் போடவிட்டதில்லை. ஏன் என்று கேட்டபோது, "அதுல துணி நல்லா இல்லை" என்றாள். நான் அதை நம்பினேன். அத்தைக்கு எதைப் பற்றிப் பேசினாலும் துணியில்தான் வந்து முடியும்.

அத்தை என் அப்பாவின் அக்கா. பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால், மருந்துக் கடைக்கும் கைபேசி பழுதுபார்க்கும் கடைக்கும் நடுவில் அவளுடைய தையல் கடை இருக்கிறது. ஒரு ஆள் கை நீட்டினால் இரண்டு சுவரையும் தொடலாம். புதுத் துணி தைக்கமாட்டாள். இடுப்பைக் குறைப்பது, கால் நீளத்தை மடிப்பது, ஜிப் மாற்றுவது, இவ்வளவுதான். "புதுசாத் தைக்க ஆயிரம் பேர் இருக்கான். தப்பாத் தைச்சதைச் சரிபண்ண நான் ஒருத்திதான் இருக்கேன்" என்பாள். தெருவில் அவளுக்கு ஊசி என்று பெயர். தொழிலுக்குப் பாதி, நாக்குக்குப் பாதி. கால்சட்டை சுருங்கிவிட்டது என்று ஒருவர் வந்தால், "துணி எங்க தம்பி சுருங்குச்சு? நீதான் விரிஞ்சிருக்க" என்று சொல்லிவிட்டுத்தான் கையில் வாங்குவாள்.

அவள் எதையும் மறக்கிறவள் இல்லை. பொத்தான் ஒன்றைத் திருடிவிட்டாள் என்று கடை வாசலில் நின்று கத்திய ஒருவருக்கு, ஒரு வருடம் கழித்து அவர் கொடுத்த கால்சட்டையின் இரண்டு பைகளையும் உள்பக்கமாகத் தைத்து மூடிக் கொடுத்தனுப்பினாள். அவர் பேருந்தில் சில்லறை எடுக்கக் கைவிட்டுப் பார்த்துத் திண்டாடியதை நிறுத்தத்தில் இருந்தவர்கள் வந்து சொன்னார்கள். "அப்படியா, பாவம்" என்றாள் அத்தை. முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஊடகவியல் படித்தேன். கடைசி ஆண்டுக் கட்டுரைக்கு, வதைக் காட்சிகளை வைத்தே ஓடிய படங்களை எடுத்துக்கொண்டேன். அதில் பாதிப் பக்கங்கள் ஒரே படத்தைப் பற்றியவை. அத்தை வீட்டில் போடவிடாத படம்தான் அது. ஒரு தனி வீட்டில் ஒரு பெண் மூன்று ஆண்களிடம் மாட்டிக்கொள்கிறாள், சாகிறாள், பேயாகத் திரும்பி வருகிறாள். முக்கால் மணி நேரம் அவளை வதைப்பார்கள், கால் மணி நேரம் அவள் பழிவாங்குவாள். கூட்டம் வந்தது முக்கால் மணி நேரத்துக்கு. கால் மணி நேரம், வீட்டுக்குப் போகும்போது மனசாட்சி உறுத்தாமல் இருப்பதற்கு.

இந்த வரியை இப்போதுதான் எழுதுகிறேன். அப்போது இப்படி எழுதவில்லை. படத்தின் நடுவில் வருகிற பதினோரு வினாடிக் கதறலைப் பற்றி மட்டும் நான்கு பக்கம் எழுதியிருந்தேன். அந்தக் காட்சியில் பெண்ணின் முகம் தெரியாது. முதுகும், கிழிகிற உடையும், குரலும் மட்டும்தான். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அந்தப் பதினோரு வினாடிகளை முப்பது நாற்பது தடவை கேட்டிருப்பேன். முதல் தடவை பாதியிலேயே அதைக் கழற்றிவிட்டேன். பத்தாவது தடவை கழற்றவில்லை. கழற்றாமல் இருந்ததை நான் முதிர்ச்சி என்று எடுத்துக்கொண்டேன். வகுப்பிலேயே அதிக மதிப்பெண் அந்தக் கட்டுரைக்குத்தான்.

படிப்பு முடித்ததும், அந்தப் படத்தை மறுபடி எடுக்கிற நிறுவனத்திலேயே விளம்பரப் பிரிவில் வேலை கிடைத்தது. பழைய படத்தின் இயக்குநரை அங்கே பெரியவர் என்பார்கள். புதிய படத்தை இயக்குவது அவர் மகன், சின்னவர். எல்லாவற்றையும் புதிதாக எடுத்தார்கள். கதறலை மட்டும் பழைய ஒலிநாடாவிலிருந்தே எடுத்து, சுத்தம்செய்து சேர்ப்பதாகத் திட்டம். விளம்பரமே அதை வைத்துத்தான். பெரியவர் பேட்டிக்குப் பேட்டி ஒரே கதையைச் சொன்னார்: "அந்தப் பொண்ணுக்கு மூணு நாள் கூடவே இருந்து கத்தக் கத்துக்கொடுத்தேன். அப்படி வந்ததுதான் அது." அந்த வாசகத்தைச் சுவரொட்டிக்காகத் திருத்தி எழுதிக்கொடுத்தது நான்.

பிறகு வழக்கறிஞர் ஒரு முட்டுக்கட்டை போட்டார். காட்சியில் நின்றது கதாநாயகி இல்லை, வேறு யாரோ. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரியின் கையெழுத்து எந்தத் தாளிலும் இல்லை. கையெழுத்து இல்லாமல் வெளிநாட்டில் படத்தை வாங்கமாட்டார்கள். பெரியவரைக் கேட்டால், "தையல் பொண்ணு ஒண்ணு இருந்துச்சு, தேடிப் பாருங்க" என்றார். தேடுகிற வேலை என்னிடம் வந்தது. பழைய கோப்பில் படக்குழு எல்லோரும் நிற்கிற ஒரு புகைப்படம் இருந்தது. ஓரத்தில் ஒல்லியாக ஒரு பெண், கழுத்தில் அளவு நாடா. உதட்டின் இடது மூலையில் மூன்று குண்டூசிகளைக் கவ்விக்கொண்டிருந்தாள்.

குண்டூசியை அப்படிக் கவ்வுகிற ஒருத்தியின் கையால் நான் பத்து வருடமாகச் சாப்பிடுகிறேன். அவளோடுதான் இருக்கிறேன். கடைக்கு மேலே உள்ள இரண்டு அறைகள்தான் எங்கள் வீடு.

புகைப்படத்தைக் கொண்டுபோய்த் தையல் இயந்திரத்தின் மேல் வைத்தேன். அத்தை ஒரு பார்வை பார்த்தாள். கையில் இருந்த தையலை முடித்தாள், நூலைப் பல்லால் கடித்தாள், மிதியிலிருந்து காலை எடுத்தாள்.

"இது உன் கையில எப்படி வந்துச்சு?"

சொன்னேன். கையெழுத்து, வெளிநாடு, மறுபடி எடுக்கிற படம், எல்லாவற்றையும். அவள் கடை ஷட்டரைப் பாதி இறக்கினாள்.

"அன்னைக்குக் கதாநாயகிக்குக் காய்ச்சல். அந்த டிரஸ்ல நான் ரெண்டு தைச்சிருந்தேன். ஒண்ணு நடக்கறதுக்கு, இரட்டைத் தையல். இன்னொண்ணு கிழிக்கறதுக்கு, வெறும் ஓட்டுத்தையல், ரெண்டு விரல்ல இழுத்தாலே வந்துடும். டைரக்டர் வந்து, 'தங்கச்சி, லைட் பார்க்கணும், அதை மாட்டிக்கிட்டு ரெண்டு நிமிஷம் நில்லு'ன்னாரு. நான் நடக்கறதை மாட்டிக்கிட்டு நின்னேன். லைட் பார்க்கறதுக்கு எது இருந்தா என்ன? அப்புறம் நடிகனுங்க மூணு பேரும் வந்தாங்க."

கொஞ்ச நேரம் கத்தரிக்கோலைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"துணிதான்டி கிழிஞ்சுது. தையல் பிரியலை. தோள்ல தோலோட சேர்ந்து கிழிஞ்சுது, அப்பவும் பிரியலை. 'அதுக்கு மேல ஒண்ணும் நடக்கலையே, முகம்கூடத் தெரியலையே'ன்னு எல்லாரும் சமாதானம் சொன்னாங்க. முகம் தெரியலைன்னா யாருக்கும் நடக்கலைன்னு அர்த்தம் போல."

"படத்தைப் பார்த்தீங்களா அத்தே?"

"போனேன். அந்த இடம் வந்ததும் விசில் அடிச்சானுங்க. எழுந்தேன். பின்சீட்டுக்காரன், 'உட்காரும்மா, நல்ல சீன் மறைக்குது'ன்னான்."

நான் புகைப்படத்தைத் திரும்ப எடுக்கப் போனேன். அவள் அதன் மேல் கையை வைத்தாள். "நீ இந்தப் படத்தைப் பத்தி ஏதோ எழுதி முதல் மார்க் வாங்கினியே, அதை எடுத்துட்டு வா. படி."

"வேணாம் அத்தே."

"படிச்சவதானே? படி."

படித்தேன். "இந்தக் கதறலில் நடிப்பின் சுவடே இல்லை. உண்மை மட்டுமே இருக்கிறது. இதுவே இப்படத்தின் உச்சம்." அங்கே நிறுத்தினேன். "நிறுத்தாதே, போகட்டும்" என்றாள். நான்கு பக்கத்தையும் படிக்கவைத்தாள். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரியை விழுங்கப் பார்த்தேன். அவள் இரக்கப்படவில்லை. முடித்ததும், "தமிழ் நல்லா எழுதியிருக்க. கண்ணுதான் இல்லை" என்றாள்.

அவள் அடித்திருந்தால்கூட எனக்கு லேசாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை, காபி ஆற்றிக்கொண்டே, "கையெழுத்துப் போடறேன்னு சொல்லு" என்றாள். "நேர்ல வந்துதான் போடுவேன். அவர் எதிர்ல இருக்கணும். முழு நாடாவையும் நான் கேக்கணும்." பிறகு இன்னொன்றும் சொன்னாள். அதை நிறுவனத்திடம் நான் சொல்லவில்லை. அவள் என் அத்தை என்பதையும் சொல்லவில்லை.

நிறுவனத்தில் ஒரே குதூகலம். முப்பத்தோரு வருடம் கழித்துக் குருவும் சிஷ்யையும் சந்திக்கிறார்கள், விளம்பரத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? கையெழுத்துப் போடும்போது ஒரு நிமிடம் படம்பிடித்துவிடு என்று கேமராவை என்னிடமே கொடுத்தார்கள்.

ஒலிக்கூடத்தில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். அத்தை உள்ளே நுழைந்ததும் பெரியவர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு எழுந்தார். "வாம்மா தங்கச்சி! எவ்வளவு நாளாச்சு! இவதான்யா, இவதான். என்னமா கத்துவா தெரியுமா!"

"நீங்க கத்துக்கொடுத்ததுதானேண்ணே" என்றாள் அத்தை. எல்லோரும் சிரித்தார்கள். பெரியவர்தான் அதிகமாகச் சிரித்தார்.

சின்னவர் தாளையும் பேனாவையும் நீட்டினார். அத்தை வாங்கவில்லை. "நாடாவைப் போடுங்க. முதல்லேருந்து."

"அது எதுக்கும்மா? நமக்கு வேண்டியது அந்தப் பதினோரு செகண்டுதானே" என்றார் பெரியவர்.

"அளவு பார்க்காம நான் துணியிலேயே கத்தரி வைக்கமாட்டேன். கையெழுத்தை வைப்பேனாண்ணே?"

மறுபடி சிரிப்பு. ஒலிப்பதிவாளர் என் வயதுப் பெண். பழைய நாடாக்களைக் கணினியில் ஏற்றியதும் அவள்தான். குறிப்பில் இருந்த நேரத்தைப் பார்த்து அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்திருந்தாளே தவிர, முழுதாகக் கேட்டதில்லை. பெரியவர் வாயைத் திறப்பதற்குள் அவள் பொத்தானை அழுத்திவிட்டாள்.

முதலில் இரைச்சல். யாரோ இருமினார்கள். பிறகு ஓர் இளைஞனின் குரல், பெரியவருடையதுதான்: "ஓடுதா?" "ஓடுது." "கிளாப் அடிக்காதே. அவளுக்குத் தெரிய வேணாம். தங்கச்சி, கொஞ்சம் இடது பக்கம் திரும்பு." அதற்கு ஒரு சின்னப் பெண்ணின் குரல்: "இப்படியாண்ணே?"

அத்தையின் இருபது வயதுக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை என்று நினைத்தேன். நாற்பது தடவை கேட்டிருக்கிறேன் என்பது அடுத்த கணம் நினைவுக்கு வந்தது.

காலடிச் சத்தம். துணி கிழிகிற சத்தம். எனக்கு மனப்பாடமான கதறல். ஆனால் எனக்குத் தெரிந்தது நடுப்பகுதி மட்டும்தான். இரண்டு பக்கமும் வெட்டியெறிந்த வார்த்தைகள் இருந்தன. "அண்ணே! அண்ணே, விடச் சொல்லுங்கண்ணே!" கதறல். மறுபடி, குரலே இல்லாமல், "அண்ணே..." அதன் மேல் இளைஞனின் குரல், கிசுகிசுப்பாக: "நிறுத்தாதே, நிறுத்தாதே." அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. கடைசியில் டப் என்று கிளாப் பலகையின் சத்தம்.

ஒலிப்பதிவாளர் நாற்காலியைத் திருப்பினாள். வேலை ஞாபகத்திலேயே கேட்டாள். "சார், கிளாப் கடைசியில வருதே? குழந்தை, நாய் எல்லாம் வெச்சு எடுக்கும்போதுதானே இப்படிப் பண்ணுவாங்க? ஆரம்பத்துல அடிச்சா மிரண்டுடும்னு..." கேட்டுக்கொண்டே வந்தவள், பாதியில் தானே புரிந்துகொண்டு வாயை மூடினாள்.

"இன்னொரு தடவை போடும்மா" என்றாள் அத்தை.

போட்டாள். பெரியவர் எழுந்தார். "உட்காருங்கண்ணே" என்றாள் அத்தை. "மூணு நாள் கத்துக்கொடுத்தீங்களே. எந்த நாள், எந்த இடம்னு இதுல காட்டுங்க. எனக்கு மறந்துபோச்சு."

"அந்தக் காலம் வேற தங்கச்சி. கலைக்காகச் சிலது..."

"தங்கச்சின்னு கூப்பிட்டதும் கலைதானா?"

மூன்றாவது தடவை அவள் சொல்லாமலே ஒலிப்பதிவாளர் போட்டாள். பெரியவரின் முகத்திலிருந்து அன்பு வடிந்தது. கீழே இருந்தது வெறும் எரிச்சல். "சரிம்மா, கத்துக்கொடுக்கலை. பேட்டின்னா நாலு வார்த்தை கூட்டித்தான் சொல்லணும். நிஜமா பயந்தாத்தான் நிஜமா வரும், அதுதான் விஷயம். ஒரு தையல்காரி உன்னால அதை நடிச்சிருக்க முடியுமா? என்னாலதான் உன் குரல் இன்னைக்கும் இருக்கு. கையெழுத்தைப் போட்டுட்டுக் கிளம்பு."

அத்தை எழுந்து அவர் எதிரில் போய் நின்றாள். இரண்டு உள்ளங்கைகளையும் அவர் மூக்குக்கு நேராக, ஒரே ஒரு தடவை, டப் என்று தட்டினாள்.

"ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சுண்ணே. கிளாப்பைக் கடைசியில அடிச்சிருக்கேன்."

அவர் முதலில் அவளைப் பார்த்தார். பிறகு மூலையில் நின்ற என்னைப் பார்த்தார், என் கேமராவைப் பார்த்தார். அத்தை என்னிடம் சொல்லியிருந்த இன்னொன்று இதுதான்: "நான் கதவைத் திறக்கும்போதே கேமராவை ஓடவிட்டுடு."

"நிறுத்து!" என்று சின்னவர் கத்தினார்.

"நிறுத்தாதே" என்றாள் அத்தை.

நாடாவில் அவர் சொன்ன அதே வார்த்தை. அது எனக்கு அந்த நொடியே உறைத்தது. உறைத்தும் நான் நிறுத்தவில்லை. மூச்சு வாங்கியபடி கதவுப் பிடியைத் தேடிய அந்தக் கிழவரின் கையை நெருக்கத்தில் எடுத்தேன். எனக்கு அது பிடித்திருந்தது. திரையில் எந்தப் பேய் பழிவாங்கியபோதும் இவ்வளவு பிடித்ததில்லை. பிடித்ததைப் பற்றி இன்றுவரை எனக்கு ஒரு முடிவும் கிடைக்கவில்லை.

அத்தை கையெழுத்துப் போடவில்லை. அன்று மாலையே என் வேலை போனது. சுவரொட்டிகளைக் கிழித்துவிட்டு வேறு அச்சடித்தார்கள். கதறலுக்கு யாரோ ஒரு பின்னணிக் குரல் கலைஞரை அழைத்துக் கதறவைத்ததாகக் கேள்விப்பட்டேன். ஆரம்பத்திலேயே கிளாப் அடித்தார்களாம்.

காட்சிப் பதிவை வெளியே விடலாம் என்று நான் குதித்தேன். அத்தை விடவில்லை.

"வெளிய விட்டா நாலு நாள் அவனைத் திட்டுவாங்க, அஞ்சாம் நாள் அடுத்தவனைத் திட்டப் போயிடுவாங்க. என் குரல் மறுபடி ஊர் வாயில விழும். உன்னை மாதிரி எவளாவது அதுக்கும் நாலு பக்கம் எழுதுவா."

"அப்ப எதுக்கு எடுக்கச் சொன்னீங்க?"

"விடாம வெச்சுக்கறதுக்குத்தான். முப்பத்தோரு வருஷம் எந்தத் தியேட்டர்ல எவன் கேட்டுக்கிட்டிருக்கான்னு தெரியாம இருந்தேன். பஸ்ல ஒருத்தன் உத்துப் பார்த்தாகூட, இவனுக்குத் தெரியுமோன்னு இருக்கும். அவனும் காலையில எழுந்து, இன்னைக்கு வருமா நாளைக்கு வருமான்னு போனைப் பார்க்கட்டும்."

இரண்டு மாதம் கழித்துச் சின்னவர் கடைக்கு வந்தார். உட்கார இடம் இல்லாததால், பிரித்துப்போட்ட கால்சட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டே பேசினார். அதை அழித்துவிடுங்கள் என்றார். அப்பா பேட்டி கொடுப்பதில்லை, விருது விழாவுக்குக்கூடப் போகவில்லை, அழைப்புமணி அடித்தால் உள்ளறைக்குப் போய்விடுகிறார் என்றார்.

"எவ்வளவு நாளா?" என்று கேட்டாள் அத்தை.

"ரெண்டு மாசமா."

"ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும். பழகிடும்னு சொல்லுங்க."

அவர் திரும்பியபோது அத்தை அவருடைய சட்டைக் கையைப் பிடித்தாள். "பட்டன் தொங்குது பாருங்க. கழட்டிக் கொடுங்க, ரெண்டு நிமிஷம். அப்பன் பண்ணினதுக்கு உங்க சட்டை என்ன பண்ணும்?" அவர் கையை உதறிக்கொண்டு போனார். "போ, ஆபீஸ் போறதுக்குள்ள விழுந்துடும்" என்று சொல்லிவிட்டு மிதியை மிதித்தாள்.

அவர் போன பிறகு, நெடுநேரம் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டேன். "அத்தே, இது போதுமா உங்களுக்கு? அவர் செத்துப்போயிட்டா என்ன பண்ணுவீங்க?"

"செத்தா அழிச்சிடு. செத்தவனுக்கு ஏது பயம்?" என்றாள். ஊசியில் நூல் கோத்துவிட்டு, எதையோ யோசித்தவளாக நிமிர்ந்தாள். "அவருக்குச் சர்க்கரை இருக்குன்னு ஏதோ ஒரு பேட்டியில சொன்னாரே. ஒழுங்கா மாத்திரை போடறாரான்னு யாரையாவது விசாரி. நல்லா இருக்கட்டும்டி. நூறு வயசு இருக்கட்டும்."

கேலியாகச் சொல்லவில்லை. உண்மையான அக்கறையோடு சொன்னாள்.

நான் மாடிக்குப் போய், அந்தப் பதிவு திறக்கிறதா என்று சரிபார்த்தேன். பிறகு அதற்கு இன்னொரு பிரதி எடுத்து வேறோர் இடத்தில் வைத்தேன்.